சீமைக்காரி அழாத வீடு

நெட்டிமலைத் தோட்டத்தை விட்டு வெள்ளைக்காரத் துரைமார்கள் போய், பங்களா ஜன்னல்களுக்குப் பலகை அடித்து, புதுக் கம்பெனிக்காரர்கள் வந்து பெயர்ப்பலகையையும் மாற்றி எழுதிவிட்ட பிறகு, இனி அழுவதற்கு அங்கே அவளுக்கென்று ஒரு உயிரும் மிச்சமில்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்த ஒரு மழைக்காலத்தின் கருக்கலில், சீமைக்காரி கூலிக்காரர்கள் குடியிருக்கும் மூன்றாம் லயத்தின் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லின்மேல் வந்து உட்கார்ந்து, தரையில் புரளும் நரைமுடியை எலும்புச் சீப்பால் சீவிக்கொண்டே அழுதாள்.

அவளைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. முதல் துரை அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தபோது அவரோடு கூடவே வந்தவள் அவள். அந்த நாட்டில் அவருடைய டன்காரிக் பிரபு குடும்பம் என்றால் பழைய பெரிய குடும்பமாம். அப்படிப்பட்ட குடும்பங்களுக்கெல்லாம் இந்த மாதிரி ஒருத்தி உண்டாம். அவள் சமைப்பதில்லை, கூட்டுவதில்லை, பேசுவதில்லை. அந்த ரத்தத்தில் ஒரு உயிர் போகப்போகிறது என்றால் இரண்டு மூன்று நாள் முன்னதாக வந்து அழுவாள், அவ்வளவுதான் அவள் உத்தியோகம். லயத்து ஜனங்களுக்கு இது ஒன்றும் புதிதாகப் படவில்லை. தங்கள் குலசாமி ஒன்று கிடாய் கேட்கும், இன்னொன்று சேவல் கேட்கும், துரை வீட்டுக் குலசாமி எதுவும் கேட்காமல் அழுதுவிட்டுப் போகிறது, செலவில்லாத சாமி என்று அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டார்கள். பெண்களுக்கு மட்டும் அவளிடம் ஒரு குறை இருந்தது. ஒப்பாரி என்றால் செத்தவனின் நடையையும் சிரிப்பையும் பெற்றவளின் பாலையும் சொல்லி அழவேண்டாமா, இவள் ஓட்டைக் கதவில் காற்று நுழைகிற மாதிரி ஓ என்று ஒரே இழுப்பாக இழுக்கிறாள், அழத்தெரியாத தேசத்திலிருந்து வந்தவள் என்றார்கள்.

பங்களாவில் காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்கும், பிரசவத்தில் போன துரைசாணிக்கும், குடித்துக் குடித்துக் கல்லீரல் வெந்த துரைக்கும் அவள் அழுதிருக்கிறாள். கல்யாணமே செய்துகொள்ளாத கடைசித் துரை குதிரையிலிருந்து விழுந்து கழுத்தொடிந்தபோது பங்களாக் கூரைமேல் நின்று அழுதாள். அதோடு அவள் கணக்கு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆகையால் மூன்றாம் லயத்தில் அவள் அழுதபோது, பாவம், பழக்கதோஷம் என்று சொல்லிவிட்டுப் பெண்கள் அடுப்பைப் பார்க்கப் போனார்கள். இரண்டாம் நாள் காலையில் அந்தக் கல்லுக்கு நேர் எதிர்வீட்டில், தண்ணீர் திறந்துவிடும் மாயாண்டி கஞ்சி குடிக்கும்போதே சரிந்தார். அடுத்த பருவத்தில் ஆறாம் லயத்துக்குப் பின்னால் அழுதாள். பால்குடி மாறாத பிள்ளையை வைத்திருந்த செல்லக்கிளி போனாள். அதற்கடுத்து, யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர் குடிக்காத பெரிய கங்காணி வீட்டுக் கொல்லையிலேயே போய் உட்கார்ந்து அழுதாள். கங்காணியே போனார். அன்றைக்குத்தான் தோட்டத்துக்குப் புரிந்தது. நான்கு தலைமுறைத் துரைமார்கள் மறைத்ததையும், அதற்கேற்ற நான்கு தலைமுறைப் பெண்கள் வாயைத் திறக்காமல் விழுங்கியதையும், இவள் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து வீடு வீடாகக் காட்டிக்கொடுத்துவிட்டாள்.

முதல் வருடம் கத்தி தூக்கினார்கள். செத்து மண்ணாகிப்போன தாய்மார்களின் பெயரைக் குழாயடியில் இழுத்துக் கிழித்தார்கள். கங்காணி வீட்டுப் பெண்கள் முற்றத்துக்கே வராமல் உள்ளேயே கிடந்தார்கள். ஆனால் எந்த அதிசயத்தையும் மனிதன் எவ்வளவு நாள்தான் அதிசயமாகவே வைத்துக்கொண்டிருப்பான், கொழுந்து பறிக்கவும் போகவேண்டுமே. போகப்போக, அழுகை உள்ள வீட்டுக்கு ஒரு வசதி இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள். செல்லக்கிளி, ஊருக்குப் புரியும் முன்னே தனக்குப் புரிந்தவளாக, அழுகையைக் கேட்ட அன்றே பிள்ளைக்குக் கஞ்சி பழக்கிவிட்டு, மிளகாய் எந்தப் பானையில் இருக்கிறது என்று தங்கையைக் கூட்டி வந்து காட்டிவிட்டு, தலைக்குக் குளித்துப் படுத்தாள். அப்படி ஒரு சாவு நமக்கும் வாய்க்குமா என்று பேசிக்கொண்டார்கள். அழுகை கேட்டதுமே ஜனங்கள் அரிசியும் வாழைக்காயும் எடுத்துக்கொண்டு கேதம் கேட்கப் போனார்கள். சாகப்போகிறவரும் கூட உட்கார்ந்து சாப்பிட்டார். நடக்காத சாவுக்கு லீவு கிடையாது என்று மேனேஜர் அடம்பிடிக்க, கணக்கப்பிள்ளை ஞானாதிக்கம் போய்ப் பேசி அரைநாள் வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாடையாக, உங்க வீட்டுக்கு அழுகை உண்டா என்று கேட்க ஆரம்பித்தார்கள். உண்டு என்றால் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். அவமானமாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக அந்தஸ்தாக மாறியது. அழுகை உள்ள வீட்டுப் பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. சீமைக்காரி அழாதவரை எமனாலும் தொடமுடியாது என்று பாசி பிடித்த பாறையில் ஏறித் தேன் எடுத்தார்கள், கண்ணாடி விரியனை வாலைப் பிடித்துச் சுற்றினார்கள். அதுவும் பொய்யாகவில்லை, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வெள்ளத்தாயி மட்டும் அந்தப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவாள். அவளுக்குத் தவசி என்று ஒரே மகன். தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் தவசி கடைசித் துரையின் பிள்ளை என்று சொல்வார்கள். இளவயதில் அவள் பங்களாவில் துணி தேய்த்தாள். ஒரு மத்தியானம் துரை கதவைத் தாழிட்டார். அந்த மாதமே பெரிய கங்காணி அவசர அவசரமாக அவளைப் பூவலிங்கத்துக்குக் கட்டிவைத்தார். பூவலிங்கத்துக்கு மலைச்சரிவில் முள் வெட்டுகிற வேலை போய், பங்களா வாசலில் காவல் வேலை கிடைத்தது. ஏன் கிடைத்தது என்று அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். பிள்ளை பிறந்தது. நாளைக் கணக்குப் பார்த்தால் அவனுடையதாகவும் இருக்கலாம், இவனுடையதாகவும் இருக்கலாம். பெற்றவளுக்கே தெரியாது. அதை யார் நம்புவார்கள்? போதாக்குறைக்குப் பிள்ளைக்குச் செம்பட்டை முடி வேறு.

"வெயில்ல திரியுத பிள்ளைக்கு எண்ணெ காணாத முடி பின்ன எப்படி இருக்கும்," என்று அவள் ஆரம்பத்தில் ஒருமுறை புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். "உங்க பிள்ளையாவும் இருக்கலாமுல்லா."

பூவலிங்கம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை. அடித்ததில்லை, சம்பளத்தை ஒளித்ததில்லை. ஆனால் அந்தப் பிள்ளையை ஒருநாளும் தோளில் தூக்கியதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இவன்’ என்பான், ‘உன் பிள்ளை’ என்பான். மாரியம்மன் தேரை மற்றப் பிள்ளைகள் அப்பன் தோளில் இருந்து பார்க்க, தவசி ஆத்தா இடுப்பிலிருந்தே பார்த்து வளர்ந்தான். அந்தப் பிள்ளையோ அப்பனின் காவல் கம்பளி மழையில் நனைந்து வந்தால் அடுப்போரம் விரித்துக் காயவைத்து, காலையில் மடித்து வாசலில் வைப்பான். பூவலிங்கம் எடுத்துப் போர்த்திக்கொண்டு போவான். வெள்ளத்தாயி அதை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

தினமும் விளக்கு வைக்கும்போது அவள் ஒன்றைத்தான் வேண்டினாள்: ஆத்தா, இவன் இவருக்கே பிறந்தவனா இருக்கணும். சீமைக்காரி லயத்துக்கு வந்து அழத் தொடங்கிய பிறகு அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இவன் யார் பிள்ளை என்று தெரியவேண்டுமானால் இவன் சாகவேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமலே நான் முந்திப் போய்விடவேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அயர்லாந்திலிருந்து பிராடி என்று ஒரு ஒல்லி மனிதர் வந்தார். பிரபு குடும்பங்களின் வம்சாவளியை ஒரு தலையணைத் தடிமன் புத்தகமாகப் போடுகிறவர்களில் அவர் ஒருவர். அங்கே டன்காரிக் பிரபு பட்டத்துக்கு இருந்த கடைசிக் கிழவரும் போய்விட்டார். அவர் சாகும்போது கோட்டையில் யாரும் அழவில்லையாம். சீமைக்காரி இளைய கிளையோடு கீழைத்தேசம் போனவள் திரும்பவில்லை என்று அங்கே கதை இருந்திருக்கிறது. அவள் இன்னும் இங்கே அழுகிறாள் என்றால் வாரிசும் இங்கே இருக்கவேண்டும் என்று தேடி வந்துவிட்டார். பங்களா வராந்தாவில் பெரிய காகிதத்தை விரித்து, மேலே ஒரு பெயர், அதன் கீழே கோடு, கோட்டின் கீழே பெயர் என்று போட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் கூடி நின்று பார்த்தது. கணக்கப்பிள்ளை விளக்கினார்.

"ஆம்பளைக்குக் கீழ ஆம்பளை, அவனுக்குக் கீழ ஆம்பளை. கோயில்ல வச்சு முறையாக் கட்டினவளுக்குப் பிறந்தாத்தான் கோடு எறங்கும். மத்தவங்களுக்குக் கோடு கிடையாது."

"அப்ப மாயாண்டி மாமா, செல்லக்கிளி இவங்களுக்கெல்லாம்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கிடையாது."

"புஸ்தகத்துல இல்லாதவங்களுக்கு அவ எதுக்கு அழுதா?"

கணக்கப்பிள்ளை அதை இங்கிலீஷில் கேட்டார். பிராடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் ரத்தத்தைப் பார்க்கிறவள், புத்தகம் கல்யாணத்தைப் பார்க்கிறது, இரண்டும் எங்கள் நாட்டிலும் ஒத்துப்போனதில்லை என்றார். எப்படியாவது ஒருமுறை அந்த அழுகையைக் கேட்டுவிட்டுப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டுப் பல நாள் தங்கினார். அந்தச் சமயம் பார்த்துத் தோட்டத்தில் ஒருவரும் சாகவில்லை. தூரத்திலிருந்து வந்த மனிதரை இப்படிக் காக்க வைக்கிறோமே என்று ஜனங்களுக்குக் கூச்சமாகவே இருந்தது. அழுகை வீட்டுக் கிழவர்கள் இரண்டுபேர் எங்களால் முடிந்தால் செய்யமாட்டோமா என்று சிரித்துக்கொண்டார்கள். கடைசியில் அவர், கல்யாணமாகாத துரையின் பெயருக்குக் கீழே கோடு போடாமல், ‘வாரிசின்றி இறந்தார்’ என்று எழுதிக் காகிதத்தைச் சுருட்டினார்.

கிளம்புகிற அன்று தவசிதான் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் லாரியில் வைத்தான். பிராடி அவன் தலைமுடியைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, இது யார் மகன் என்று கேட்டார். கணக்கப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் கம்பளியோடு நின்ற பூவலிங்கம் சொன்னான்: "எனக்குத் தெரியாது. அந்தா நிக்கால்லா, அவகிட்டக் கேளுங்க."

அத்தனை பேர் முன்னால். தவசி பெட்டியை வைத்துவிட்டு, காதில் விழாதவன் போலக் கயிற்றை இழுத்துக் கட்டினான். வெள்ளத்தாயி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறிவிட்டாள். அன்று அவள் பறித்ததில் பாதி முற்றல் இலை என்று புதுக் கங்காணி திட்டினான்.

அந்த வருடம் கவ்வாத்துக் காலத்தில், தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்கும்போது, பனியில் கத்தி வழுக்கித் தவசியின் பாதத்தில் இறங்கியது. தேயிலையைக் கசக்கி வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் வெட்டப் போனான். காயம் ஆறுகிற மாதிரித்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்துக் காலையில் கஞ்சி குடிக்க வாய் திறக்கவில்லை. தாடை இறுகிவிட்டது. தோட்டத்து மருந்துக்கடை டிரஸ்ஸர் வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிரும்போது அவர் முகம் சரியில்லை.

"இது கத்தி விஷம், தாடையப் பூட்டி நரம்ப இழுக்கும், சின்னச் சத்தம்கூட ஆகாது. எங்கிட்ட இதுக்கு ஊசி கிடையாது. தேயிலை லாரி மத்தியானம் எறங்குது. அதுல ஏத்திப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க."

லயம் முழுக்க வாசலில் கூடியது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. போன வருடம் இதே மழையில் இதே மாதிரி லாரி ஒன்று மூன்றாம் வளைவில் உருண்டது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. சின்னச் சத்தமே ஆகாத உடம்பை அந்தக் கல்ரோட்டில் போட்டுக் குலுக்குவதா? யாரோ ஒருவர் கேட்டார்: "சீமைக்காரி அழுதாளா?"

"அழல."

"பின்ன எதுக்குப் பதறுதீங்க?"

எல்லோர் முகத்திலும் ஒரு தெளிச்சி வந்தது. டிரஸ்ஸர் கீழ்நாட்டுக்காரர், புதுசு. "அவ அழுதா என்ன, அழாட்டி என்ன, நான் சொல்லுததக் கேளுங்கய்யா," என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார்கள்.

அப்போது பூவலிங்கம் உள்ளே வந்தான். மகன் படுத்திருந்த பாயின் ஓரத்தில் குந்தினான். அவன் அந்தப் பாயில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கம்பளியை எடுத்து அவன்மேல் போட்டு, கால்வரை இழுத்துவிட்டான்.

"மழையில கொண்டு போக வேண்டாம்," என்றான். "பங்களா ரத்தம் அவனுக்கு. அவ அழாம இவன் சாவமாட்டான். காய்ச்சல் தன்னால எறங்கும்."

வெள்ளத்தாயி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அந்த மனிதன் அந்தப் பிள்ளைக்காக ஒரு வார்த்தை பேசியது இதுதான் முதல்முறை. பேசியதும் இந்த வார்த்தை. இவன் உங்க பிள்ளையாவும் இருக்கலாம் என்று அவள் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், லாரியில் ஏற்றிவிடுவார்கள். வாயைத் திறந்தாள். ஆனால் அதைச் சொல்வது, இவன் செத்தாலும் சாவான் என்று தன் வாயால் சொல்வதாகும். இவன் துரை பிள்ளையாக இருந்தால் இந்த நிமிஷத்தில் இவனுக்குச் சாவே இல்லை. தினமும் விளக்கு வைத்துக் கேட்டதையெல்லாம் அவள் அந்த நிமிஷத்தில் திருப்பிக் கேட்டுக்கொண்டாள்: ஆத்தா, இவன் அந்தப் பாவிக்கே பிறந்தவனா இருக்கட்டும். திறந்த வாயை மூடிக்கொண்டாள். லாரி ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கிப் போவது கடைசி வளைவுவரை கேட்டது.

சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டதும் அவள் பங்களாவுக்கு நடந்தாள். பின்பக்கம், தான் அந்தக் காலத்தில் துணி காயப்போட்ட கொடிக்குக் கீழே, சீமைக்காரி உட்கார்ந்து முடியைச் சீவிக்கொண்டிருந்தாள். சாவு இல்லாத நாட்களில் அவள் அங்கேதான் இருப்பாள். அழுது அழுது சிவந்த கண், எப்போதும் காயாத சாம்பல் நிற அங்கி. வெள்ளத்தாயி அவளுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள்.

"உனக்கு அந்த ஜன்னல் தெரியுமுல்லா," என்றாள். "அன்னைக்கு நீ இங்கனதான் இருந்திருப்ப. கதவு சாத்தினது உனக்குக் கேட்டிருக்கும். நான் உங்கிட்ட அதுக்கு ஞாயம் கேக்க வரல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. எம் பிள்ள உங்க வீட்டுப் பிள்ளையா?"

சீப்பு மேலிருந்து கீழே வந்தது.

"ஆமான்னா அழாம இரு. நீ அழாம இருக்க வரைக்கும் எனக்குப் போதும். இல்லன்னா..." வெள்ளத்தாயிக்கு அதற்குமேல் வரவில்லை. "இல்லன்னா இப்பமே சொல்லிரு. நான் முதுகுல சுமந்துக்கிட்டாவது மலைய எறக்கிருதேன்."

சீமைக்காரி சீவுவதை நிறுத்தி அவளைப் பார்த்தாள். அவள் யாரையும் நிமிர்ந்து பார்த்தாள் என்று அதற்கு முன்னும் கேள்விப்பட்டதில்லை, பின்னும் இல்லை. அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது என்று வெள்ளத்தாயி பிறகு சொல்வாள். இரக்கம் இருந்து என்ன செய்ய, வாய் இல்லாத பிறவி, ஒரே ஒரு சத்தத்தைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் கொடுக்கப்படவில்லை. மறுபடியும் குனிந்து முடியைச் சீவினாள். அழவில்லை. வெள்ளத்தாயி அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள். வழியில் ஒரு பாட்டம் அழுதாள், சந்தோஷத்தில்தான்.

மறுநாள் தவசியின் உடம்பு வில்லாக வளைந்தது. கதவைச் சாத்தினால் அந்தச் சத்தத்துக்கே உடம்பு முறுக்கிக்கொண்டது. லயத்தில் எல்லோரும் வெறுங்காலோடு நடந்தார்கள், அம்மி அரைக்கவில்லை, நாய்களைக்கூட மேல் லயத்துக்கு விரட்டிவிட்டார்கள். அவ்வளவு அமைதியில் எல்லோரும் துவைக்கிற கல்லின் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாரு, இன்னும் அழல, பாரு, இன்னும் அழல என்று ஒருவருக்கொருவர் ரகசியமாகச் சொல்லிக்கொண்டார்கள். பூவலிங்கம் வேலைக்குப் போகவில்லை. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து மகனின் உதட்டில் பிழிந்துகொண்டே இருந்தான். வெள்ளத்தாயி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்தபடியே தவசியும் அப்பன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் விடியும்போது, யாரும் அழாமல், எந்தச் சத்தமும் இல்லாமல், தவசி செத்துப்போனான்.

யாரும் அரிசி கொண்டுவரவில்லை, லீவு சொல்லவில்லை. முன்கூட்டிச் சொல்லாமல் வந்த சாவை எப்படி எதிர்கொள்வது என்பதே அந்த லயத்துக்கு மறந்துபோயிருந்தது. பிறகு, சொல்லாமலே, ஒவ்வொரு முகத்திலும் அது விளங்கிக்கொண்டு வந்தது. விளங்கியவர்கள் எல்லோரும் பூவலிங்கத்தைப் பார்த்தார்கள்.

அவன் கையில் இன்னும் பஞ்சு இருந்தது.

"அவ அழலயே," என்றான்.

"அழல," என்றாள் வெள்ளத்தாயி.

"நீ தூங்கிட்டிருந்தப்ப அழுதிருப்பாளோ?"

"நான் தூங்கல."

அவன் வாசலில் நின்றவர்களைப் பார்த்தான். கேட்டவர்கள் யாராவது இருப்பார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவன் மெல்லக் குனிந்து, மகனின் செம்பட்டை முடியை விரலால் தொட்டு, உச்சியிலிருந்து பின்னால் ஒதுக்கிவிட்டான். வெள்ளத்தாயி இத்தனை காலம் கேட்டது கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்றாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

"தவசி," என்று கூப்பிட்டான் பூவலிங்கம். கூப்பிட்டுப் பழக்கமில்லாததால் பெயர் பாதியில் உடைந்தது. இன்னொருமுறை கூப்பிட்டான். "ஏலே தவசி. எம் மகனே."

அதற்குப் பிறகு அவனிடமிருந்து வந்ததில் வார்த்தை இல்லை. மகனின் நடையைச் சொல்லி அழ அவன் அதைக் கவனித்ததில்லை, சிரிப்பைச் சொல்லி அழ அதை நின்று பார்த்ததில்லை, சொல்வதற்கு அவனிடம் ஒன்றுமே இல்லை. ஓ என்று ஒரே இழுப்பாக இழுத்து அழுதான். விடியற்காலப் பனியில் அந்தச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. கொழுந்துக் கூடையோடு புறப்பட்டுக்கொண்டிருந்த மேல் லயத்து ஜனங்கள் அதைக் கேட்டு, சீமைக்காரிதான் வந்துவிட்டாள் என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவரவர் வீட்டுக்குள் போய்ப் படுத்திருந்த பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.